பனிக்காலத்தில் மேனி காத்தல்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்றாகிய பெண்ணாடத்தில், அருள்மிகு ஆமோதனாம்பாள் உடனுறை பிரளயகாலேஸ்வரர் திருக்கோயில் அமைந்துள்ளது. தேவாரம் இத்தலத்தைப் பெண்ணாகடம் என்றும், திருக்கோயிலைத் தூங்கானைமாடம் என்றும் போற்றுகிறது. படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்று வளைந்த விமானம் உடையதால் அப்பெயர். ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது இறைவன் ஆணைப்படி நந்தியெம்பெருமான் திரும்பி நின்று அதனைத் தடுத்தார் என்பது தலவரலாறு. ஆதலால் இங்கு நந்தி இறைவனை நோக்காமல் வாயிலை நோக்கியே எழுந்தருளியிருக்கிறார். வெள்ளாற்றை அடுத்த இவ்வூரில் ஐப்பசி, கார்த்திகை மழை எத்தகையது என்பதை அறிந்தோர்க்கு அந்த நந்தியின் நிலை எளிதில் விளங்கும்.

திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்திற்கு அருளிய பதிகம் தனிச்சிறப்பு வாய்ந்தது. பிணியும் மூப்பும் உடைய மானிட வாழ்வைப் பாடல்தோறும் எண்ணிக் காட்டி, அவை வந்து சேருமுன் தூங்கானைமாடம் தொழுமின் என்று அழைப்பது அப்பதிகம். செவி கேளாமை, கண்ணொளி குன்றுதல், தோல் திரைதல், நரை தோன்றுதல் ஆகிய முதுமையின் அடையாளங்களை ஒரு மருத்துவர் குறித்து வைத்தாற்போல் பிள்ளையார் அதில் கூறியுள்ளார். பாடியவரோ பால்மணம் மாறாத குழந்தை! திருநாவுக்கரசு சுவாமிகள் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்றதும் இத்தலத்திலேதான். உடம்பு இறைவனின் முத்திரை தாங்கும் தகுதி உடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய உடம்பைக் குளிர்ந்த பருவத்தில் பேணிக் காக்கும் முறை யாது என்பதை இங்குக் காண்போம்.

தமிழ் நூலோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எஞ்சிய நான்கு திங்களும் இளவேனிலும் முதுவேனிலும் ஆகும். இவற்றுள் கூதிர் என்பது மழையோடு கூடிய குளிர். முன்பனி என்பது மழை ஓய்ந்தபின் வரும் பனிக்குளிர். இரண்டும் குளிரே எனினும் உடம்பு இரண்டிலும் ஒரே வகையாக இயங்குவதில்லை.

மழைக்காலத்தில் செரிமானத் தீ மந்தப்படும் என்றும், பனிக்காலத்தில் அத்தீ வலுப்பெறும் என்றும் சரக சங்கிதை, அஷ்டாங்க இருதயம் முதலிய ஆயுர்வேத நூல்கள் கூறுகின்றன. வெளியே குளிர் சூழ்வதால் உள்வெப்பம் வெளியேற வழியின்றி வயிற்றில் நிலைகொள்கிறது என்பது அந்நூல்கள் தரும் விளக்கம். உடல் தன் வெப்பத்தைக் காக்கக் கூடுதலாக உழைப்பதால் பசி மிகுகிறது என்பது இன்றைய உடலியலார் கூற்று. சொல்லும் முறை வேறாயினும் பசி மிகும் என்னும் முடிவு ஒன்றே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பனிக்கட்டி உறையும் வடபுலக் குளிரைக் கருதி எழுதப்பட்ட உணவுமுறையைப் பெண்ணாடத்திலும் விருத்தாசலத்திலும் அப்படியே கைக்கொள்வது பொருந்தாது. மார்கழி விடியலில் இங்குக் குளிர் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பகலில் வெயில் வந்துவிடுகிறது. அக்குளிரில் கரும்பு வெட்டச் செல்பவருக்கு நெய்யும் வெல்லமும் வேண்டும். கடையில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்கு அவ்வளவு வேண்டுவதில்லை.

குளிர்ப்பருவத்து நோயைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். தூங்கானைமாடம் பாடிய அதே ஞானசம்பந்தர், பின்னாளில் கொங்கு நாட்டுக்கு எழுந்தருளினார். திருநணா எனப்படும் பவானியை வணங்கி மீண்டு, கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும் திருச்செங்கோட்டில் தங்கியிருந்த வேளையில் பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. நடுக்கத்தோடு கூடிய அச்சுரம் இந்நிலத்தில் இப்பருவத்தில் வருவது இயல்பே என்று பிள்ளையாரிடம் தெரிவித்தார்கள். நிலத்தின் இயல்பாயினும் அது நம்மை வந்து அடையலாகாது என்று அருளிய பிள்ளையார், உலகைக் காக்க நஞ்சுண்ட இறைவனின் கண்டத்தின்மீது ஆணையிட்டுத் திருநீலகண்டப் பதிகம் பாடினார். அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு அச்சுரம் அகன்றது என்பது புராணம்.

இன்றும் சுரம் கண்டவர் இல்லங்களில் திருநீலகண்டப் பதிகம் ஓதப்படுகிறது. ஓதுவோர் பலரும் கருதாமல் கடந்து செல்லும் செய்தி ஒன்று அதில் உண்டு. வினையின் பயன் என்று எண்ணி, உய்யும் வழியை நாடாமல் வாளா இருப்பது உங்களுக்குக் குறையன்றோ என்று முதற்பாடலிலேயே பிள்ளையார் வினவுகிறார். அடுத்த பாடலில் சோலைகள் வைத்தலையும் குளங்கள் தோண்டுதலையும் அடியார் செயல்களாகக் குறிக்கிறார். ஆகவே பதிகம் ஓதுபவர் மருத்துவரிடம் செல்லாதிருத்தல் பதிகத்தின் கருத்துக்கே மாறானது. மழை ஓய்ந்த திங்களில் நடுக்கத்தோடு வரும் சுரம் மலேரியாவாக இருக்கலாம்; டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டும் கொசுவினால் வருபவை. இரண்டு நாள் கடந்தும் சுரம் தணியாவிடில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வாசலில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியையும் பழைய டயரையும் கவிழ்த்து நீரை வடித்துவிடுதலும் உய்யும் வழியை நாடுதலே ஆகும்.

கடலூர் மாவட்டத்தில் மழையும் பனியும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிறழாமல் வருவதில்லை. 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மார்கழி பாதி கடந்திருந்தது. கூரை இழந்த குடும்பங்கள் பனியில் இரவுகளைக் கழிக்க நேர்ந்தது. 2015 ஆம் ஆண்டு வெள்ளமும் கார்த்திகையில்தான். இத்தகைய காலத்தில் முதற்காவல் குடிநீரே. நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தல், மோரை நீர் பெருக்கி உண்ணுதல், நெய்யை உருக்கிச் சேர்த்தல் ஆகிய மூன்றையும் சித்த மருத்துவ மரபு நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கமாகவே வகுத்துள்ளது. வெள்ளம் சூழ்ந்த ஊரில் கொதித்தாறிய நீரைப் போன்ற மருந்து வேறில்லை.

இனி உணவு. ஐப்பசித் திங்களில் தீபாவளி வருகிறது. அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் நீராடியதும், இனிப்புப் பண்டங்களைத் தொடுமுன் லேகியம் ஓர் உருண்டை தருவது வழக்கம். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், தனியா, சீரகம் ஆகியவற்றை இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, பீங்கான் சாடியில் எடுத்து வைப்பர். மழைக்காலத்தில் மந்தப்பட்ட வயிறு, எண்ணெயில் பொரித்த பலகாரங்களைத் தாங்க வேண்டுமே என்னும் முன்னறிவு அதில் உள்ளது. இந்நாளில் லேகியமும் இனிப்பும் ஒரே கடையில் வாங்கப்படுகின்றன; லேகியம் மட்டும் பிரிக்கப்படாமலே பொங்கல் வரை அலமாரியில் இருக்கிறது.

மார்கழி பிறந்ததும் உணவு மாறுகிறது. விடியலில் திருக்கோயில்களில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிக்க, வெண்பொங்கல் நிவேதிக்கப்படுகிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், நெய் ஆகியவை சேர்ந்த உணவு அது. அரிசியும் பருப்பும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. பருப்பு வகைகளுள் எளிதில் செரிப்பது பாசிப்பருப்பே. மிளகின் காரமும் இஞ்சியின் உறைப்பும் உமிழ்நீரையும் செரிமான நீர்களையும் தூண்டுகின்றன. மஞ்சளைச் சமைக்கும்போது மிளகும் நெய்யும் உடன் சேர்ந்தால் மஞ்சளின் சத்து உடலில் மிகுதியாக ஏற்கப்படுகிறது என்பதை இக்கால ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அடுக்களையில் அவை முன்பே ஒன்றுசேர்ந்திருந்தன.

இவ்விடத்தில் அளவு பற்றி ஒரு சொல். திருக்கோயிலில் தருவது உள்ளங்கை அளவு. மிஞ்சினால் ஒரு தொன்னை. அதே பொங்கலை வீட்டில் மூன்று கரண்டி உண்டு, மேலும் நெய் ஊற்றிக்கொண்டு, அதன்மேல் உளுந்து வடையும் உண்டால் பிரசாதத்தின் பயனை எவ்வாறு எதிர்பார்ப்பது? கோதை நாச்சியாரின் பாவை நோன்பில் நெய்யும் பாலும் உண்ணுதல் விலக்கப்பட்டுள்ளது. நோன்பு நிறைவுறும் இருபத்தேழாம் பாடலிலேதான் நெய் வழியும் பாற்சோறு பேசப்படுகிறது. அதுவரை அடக்கம், பின்னர் ஒருநாள் கூடியிருந்து உண்ணும் மகிழ்ச்சி. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்கிறார். நீரிழிவு உடையவர்கள் அக்காரவடிசிலையும் திருவாதிரைக் களியையும் ஒரு சுண்டு விரலளவு நாவில் இட்டு வணங்கினால் போதும். சேந்தனாரின் களியை ஏற்ற தில்லைக் கூத்தப்பெருமான் அளவைக் கணக்கிடுபவர் அல்லர்.

திருவாதிரைக் களிக்குத் துணையாகச் செய்யும் ஏழுகறிக் கூட்டு பாராட்டத்தக்கது. சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மொச்சை, அவரை, பறங்கி, பூசணி என்று அப்பருவத்தில் விளைபவற்றையே அது கேட்கிறது. வேலியில் படரும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் மறந்துவிட வேண்டாம். தூதுவளை இரசமும், முசுமுசுக்கை இலையை அரிசியோடு அரைத்து வார்க்கும் அடையும் கோழை கட்டும் நாட்களில் நம் பாட்டிமார் கைக்கொண்டவை. துளசி, ஓமவல்லி, சுக்குமல்லிக் குடிநீர் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். இவை இதம் தருவனவே அன்றி, மூச்சுத்திணறலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்று அல்ல. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் தருதல் கூடாது. அது நஞ்சாக முடிவதுண்டு.

சளியும் தும்மலும் குளிரால் நேரே வருவன அல்ல, நுண்ணுயிர்களால் வருவன. குளிருக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்துப் பலரும் ஓரறையில் இருக்கும்போது அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுகின்றன. ஆகவே பகலில் சன்னலைத் திறந்து வெயிலும் காற்றும் புகவிடுக. அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர் காய்தல் உயிருக்கே கேடு. அதன் நச்சுப்புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அனைத்திலும் கருத்தோடு நோக்க வேண்டியது விடியற்கால நீராட்டு. மார்கழி முழுதும் வைகறையில் எழுந்து தண்ணீரில் நீராடிக் கோயிலுக்குச் செல்லும் நியமத்தை அறுபதும் எழுபதும் கடந்த பெரியோர் பலர் விடாது போற்றி வருகின்றனர். கார்த்திகையில் மாலை அணியும் ஐயப்ப அடியார்களும் நாளுக்கு இருமுறை குளிர்ந்த நீரில் நீராடுகின்றனர். உடல் வலிமை உடையோர்க்கு இதனால் தீங்கில்லை. ஆனால் திடீரெனக் குளிர்நீர் மார்பிலும் தலையிலும் விழும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு ஒருகணம் திக்குகிறது. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் உயர்கின்றன. குளிர்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுகின்றன என்பதும், மாரடைப்புக்கு விடியற்பொழுதே ஏதமான நேரம் என்பதும் மருத்துவ உலகு அறிந்தவை. இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உடைய ஒருவர், விரதம் குறைபடும் என்று அஞ்சி நான்கு மணிக்குக் குடத்து நீரைத் தலையில் கொட்டிக்கொள்வதை எந்த ஆகமமும் கேட்கவில்லை.

நூல்கள் கூறும் நீராட்டு ஒன்றல்ல. நீரில் மூழ்குவது வாருணம். திருநீற்றை மேனியெங்கும் பூசுவது ஆக்கினேயம். மந்திரம் கூறி நீர் தெளித்துக்கொள்வது மாந்திரம். இறைவனை நெஞ்சில் நினைப்பது மானசம். இவ்வாறு பல நீராட்டுகள் வகுக்கப்பட்டதே, நோயுற்றோரும் முதியோரும் வழிபாட்டினின்றும் விலகிவிடாதபடிக்குத்தான். ஈரத்துணியால் மேனியைத் துடைத்துத் திருநீறு அணிந்து ஆறரை மணிக்குமேல் இளவெயிலில் கோயிலுக்கு வரும் மூதாட்டியின் நோன்பு, குளத்தில் மூழ்கி எழுந்தவர் நோன்பினும் ஒரு மாற்றுக் குறைந்தது என்று கூற எவருக்கு உரிமை உண்டு?

நீராடியே ஆகவேண்டும் என்பவர் வெதுவெதுப்பான நீரைக் கொள்க. முதலில் பாதத்திலும் முழங்காலிலும் ஊற்றி, பின் இடுப்பு, தோள் என்று மேலே செல்க. நீரிழிவால் கால் மரத்தவர்கள் வெந்நீரின் சூட்டை வீட்டில் உள்ள மற்றொருவர் கையால் அறிந்த பின்னரே காலை வைக்க வேண்டும். கொப்புளம் கண்ட பின்னரே சூடு தெரியவந்தவர்கள் பலர். படுக்கையினின்று விழித்தவுடன் துள்ளி எழாமல் சற்று அமர்ந்திருந்து எழுதலும், காதை மூடித் துண்டு கட்டுதலும், இருளில் நடக்கையில் கைவிளக்கு வைத்திருத்தலும் சிறு செயல்களே. இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தரிசனம் முடிந்து வந்து உண்ணலாம் என்று தள்ளிப்போடுதல் கூடாது.

குளிரில் தாகம் தோன்றுவதில்லை. சிறுநீரோ மிகுதியாகப் பிரிகிறது. முதியோர்க்குத் தாக உணர்வே குறைவு. அதனால் மார்கழியில் மலச்சிக்கலும் தசைப்பிடிப்பும் தலைச்சுற்றலும் வருகின்றன. இரண்டு மணிக்கு ஒருமுறை அரைக்குவளை வெந்நீர் அருந்துவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். சபரிமலைப் பாதையில் ஏறுவோர்க்குச் சுக்கு சேர்த்த வெந்நீர் வழங்கப்படுவதைக் கண்டவர்கள் அந்த ஏற்பாட்டின் அருமையை அறிவர். எண்ணெய் முழுக்கை மழையும் பனிமூட்டமும் உள்ள நாளில் தவிர்த்து, வெயில் ஏறிய பின் கொள்வது நன்று. முழுக்கு இயலாதவர் நல்லெண்ணெயைச் சற்றே சூடாக்கி முழங்காலிலும் குதிகாலிலும் தடவி வந்தாலே தோல் வெடிப்பு குறையும்.

பெண்ணாடம் கலிக்கம்ப நாயனார் வாழ்ந்த ஊர். அடியார் வந்தால் அவர்தம் பாதம் விளக்கி, சோறும் கறியும் நெய்யும் தயிரும் பாலும் கனியும் வெல்லக்கட்டியும் படைத்து உண்பித்தவர் அவர். தம் வீட்டில் முன்பு ஏவல் செய்தவர் அடியாராக வந்தபோதும் அவர் பாதத்தை விளக்கத் தயங்காதவர். கரகநீர் வார்க்கத் தயங்கிய மனைவியாரிடம் அவர் கொண்ட சினத்தைப் பெரியபுராணம் கூறும். தமிழகத் திருக்கோயில்களில் 2002 ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகிறது. மார்கழியில் நன்கொடை அளிக்க விரும்பும் அன்பர்கள், கோயில் வாயிலிலும் பேருந்து நிலையத்திலும் இரவில் சுருண்டு கிடப்போரையும் நினைத்துப் பார்க்கலாம். ஒரு கம்பளிப் போர்வையின் விலை ஒரு நாள் அபிடேகத்தின் செலவினும் குறைவு. அவர்களுள் எவர் அடியார் என்பதைக் கலிக்கம்பர் ஆராய்ந்ததில்லை.

தையில் புத்தரிசி வருகிறது. புத்தரிசிப் பொங்கல் சுவை மிக்கது. ஆனால் செரிக்கக் கடினமானது. நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் பழைய அரிசியையே வடித்துத் தருவது உழவர் இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கம். மாசி பிறந்ததும் பகல் வெயில் சுடத் தொடங்கும். பனிக்காலத்தில் திரண்ட கபம் அப்போது இளகும் என்று ஆயுர்வேதம் கூறும். நெய்யையும் இனிப்பையும் குறைத்து, கொள்ளு, பாசிப்பயறு, மிளகு இரசம் என்று உணவை எளிதாக்க வேண்டிய பருவம் அது. மகாசிவராத்திரி உபவாசமும் அத்திங்களிலேதான் வருகிறது. இரவு நான்கு காலமும் விழித்திருக்க இயலாதவர்கள் முதற்கால பூசையைத் தரிசித்து, பாலும் பழமும் அருந்தி, போர்த்திக்கொண்டு உறங்கச் செல்லலாம்.